காட்டெருமைக்கு ஒன்று

கூத்தாநல்லூர்
3-9-2023

அன்புள்ள அண்ணனுக்கு ஆசியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் இருக்கிறேன். முழங்கால் இரண்டும் இருக்கின்றன. எனக்கும் அவற்றுக்கும்தான் பேச்சுவார்த்தை இல்லை. மருமகள் பர்வின் நல்ல சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை அதிராம்பட்டினத்துக் கடற்கரையில் நாரைக்குக் காவல் நின்றே பொழுது போகிறதா? போன் வாங்கித் தந்தால் அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவைக்கிற மனிதரிடம் இதையெல்லாம் தபாலில்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு சந்தோஷச் சமாச்சாரம். ஃபாஜில் துபாயிலிருந்து பேசினான். ஜனவரியில் என்னை மக்காவுக்கு உம்ரா செய்ய அழைத்துப் போகிறானாம். சக்கர நாற்காலிக்குக்கூடச் சொல்லிவைத்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயசாகிறது, இன்னும் "நீ வரலன்னா நானும் போகலம்மா" என்று அடம்பிடிக்கிறான். அத்தா முகம் பார்க்காமல் பிறந்த பிள்ளை. அவன் சொல்லுக்கு நான் எதிர்ச்சொல் சொன்னதில்லை.

போவதற்கு முன்னால் எல்லாரிடமும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் அல்லவா? ஆரம்பித்துவிட்டேன். சாக்கடைத் தண்ணீருக்காகப் பதினாலு வருஷமாகப் பேசாத எதிர்வீட்டு ஹஃப்ஸாவிடம் போய் நின்றேன். "நீ கேக்குறதுக்கு முன்னாடியே நான் பொறுத்துட்டேன். ஆனா சாக்கடை உன்னோடதுதான்" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பட்டியலில் நீங்களும் இருக்கிறீர்கள். அதைத் தனியாக எழுதுகிறேன்.

இன்னொன்று. பூர்ணிமா என்று ஒரு பெண் தஞ்சாவூரிலிருந்து வந்தாள். பெரிய வேட்டைக்காரர்களாக இருந்து, பிறகு காட்டு உயிர்களைக் காப்பாற்றக் கிளம்பியவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாளாம். அதில் உங்களுக்கு ஒரு அத்தியாயம். மூன்று ஆட்கொல்லிப் புலிகளையும் ஒரு மதயானையையும் சர்க்கார் கேட்டுக்கொண்டு சுட்ட 'புலி ஹமீது', 1971-இல் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுக் கடற்கரைக்கு வந்து பறவைகளுக்குக் காவல் நின்றது எப்படி என்று கேட்கிறாள். சாகிற காட்டெருமையின் கண்ணைப் பார்த்தேன், மனசு மாறிவிட்டது என்று நீங்கள் சொன்னீர்களாம். அந்தக் கடைசி வேட்டையில்தான் ஃபாஜிலின் அத்தாவைக் காட்டெருமை குத்தியது என்று மட்டும் நான் சொன்னேன். மார்ச்சில் தஞ்சாவூரில் புத்தக வெளியீடு. உங்களுக்குச் சால்வை எல்லாம் உண்டாம்.

நான் உம்ராவுக்குக் கிளம்புமுன் ஒருதடவை வந்து போங்கள். அறுபது கிலோமீட்டர்தான். ஃபாஜில் கல்யாணத்துக்கு வந்தவர் பிரியாணியைத் தொடாமல் மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டீர்கள். இந்தத் தடவை சாப்பிடாமல் விடமாட்டேன்.

துஆவுடன்,
தங்கை ஆசியா


அதிராம்பட்டினம்
19-9-2023

அன்புத் தங்கை ஆசியாவுக்கு ஹமீது. வ அலைக்கும் ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு எண்பது வயசுக்கு உள்ளபடி இருக்கிறது. இடது காது துப்பாக்கிச் சத்தத்தில் அந்தக் காலத்திலேயே போனது. இந்த வருஷம் வலதும் போய்விட்டது. ஊர்க்காரர்கள் ஸ்லேட்டில் எழுதிக் காட்டுகிறார்கள். ஒரு வகையில் வசதிதான், வீண்பேச்சு குறைந்துவிட்டது. உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்.

உள்ளான் குருவிகள் வர ஆரம்பித்துவிட்டன. நேற்று உப்பளத்தில் எண்ணினேன், முந்நூறுக்கு மேல் இருக்கும். போன வியாழக்கிழமை ஷேக் பரீதின் வலையில் ஒரு கடற்பசு கன்றோடு மாட்டிக்கொண்டது. புது வலை. அறுத்து இரண்டையும் விட்டுவிட்டான். கரைக்கு வந்து ஸ்லேட்டில் எழுதினான்: "ஹமீது காக்கா, பால் குடிக்கிற புள்ள."

உம்ரா செய்தி கேட்டு மனசு நிறைந்தது. ஃபாஜிலிடம் மாமா துஆ சொன்னதாகச் சொல்.

பூர்ணிமா நல்ல பெண். என் வேட்டை நோட்டுகளைக் கேட்டாள். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன் எந்த மலையில் எந்த மிருகம் எவ்வளவு இருந்தது என்று அவற்றில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு உதவுமாம். கொடுத்துவிட்டேன். ஆனால் உன்னிடம் போய்க் குடும்ப விஷயம் கேட்கச் சொல்லி நான் அனுப்பவில்லை. இனி வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடு.

என்னிடம் நீ பொறுத்துக்கொள்ளக் கேட்க எதுவும் இல்லை. தனியாக எதுவும் எழுத வேண்டாம். மழைக்கு முன்னால் வரப் பார்க்கிறேன்.

நலம் விரும்பும்,
ஹமீது


கூத்தாநல்லூர்
27-9-2023

அன்பான அண்ணன் அவர்களுக்கு ஆசியாவின் ஸலாம்.

இங்கே எல்லாரும் சுகம். ஊர் மட்டும் சுகமில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் குறுவை கருகிவிட்டது. பர்வினின் அண்ணன் தினமும் வாய்க்காலில் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறார். உங்கள் காது செய்தி வருத்தமாக இருக்கிறது. காது கேட்டபோதும் நான் சொன்னதை நீங்கள் கேட்டதில்லை, அது வேறு.

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் போனால் என் உம்ரா பாதிதான். சின்ன வயசில் எனக்கு நீங்கள்தான் வழிவிடுவீர்கள், இப்போதும் விடுங்கள்.

நீங்கள் வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் அதிகாரியாக இருந்து, ஃபாஜிலின் அத்தாவுக்கு ஸ்டோர் கிளார்க் வேலை வாங்கிக் கொடுத்தீர்கள். வேட்டைக்கும் கூட்டிக்கொண்டு போனீர்கள். நீங்கள் சுடுவீர்கள், குண்டுபட்ட மிருகத்தின் உயிர் போவதற்குள் கத்தியோடு போய், பிஸ்மி சொல்லி அறுப்பது அவருடைய வேலை. குண்டில் செத்த கறி நமக்கு ஆகாது என்பதால்.

அவர் கடைசியாக வீட்டுக்கு வந்தபோது காட்டெருமை உப்புக்கண்டம் கொண்டுவந்தார். நான் அப்போது நாலு மாசம் முழுகாமல் இருந்தேன். வாசலிலேயே கேட்டேன், "இது அறுக்கும்போது உசுரு இருந்துச்சா?" என்று.

"இருந்திருக்கும்னு நினைக்கிறேன்" என்றார்.

"நெனப்பு வேணாம். இருந்துச்சா, இல்லையா?"

பையைத் திண்ணையில் இறக்கிவைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். நான் அந்தப் பையை அப்படியே கொண்டுபோய் ஆற்றில் கொட்டினேன். திரும்பி வந்து சொன்னேன்: "அடுத்த தடவை துடிக்கத் துடிக்க அறுத்ததா இருந்தா கொண்டாங்க. இல்லன்னா கறியும் வேணாம், நீங்களும் வேணாம்." அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இருபத்தோரு வயசு, வாய் நீளம்.

இரண்டு மாசத்தில் மலையிலிருந்து உங்கள் கடிதம் வந்தது. "மிருகம் முழுசாக விழுவதற்கு முன் அறுக்க வேண்டுமென்று அவசரப்பட்டு ஓடிவிட்டான். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் பிழைத்திருப்பான்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். அந்த ஒரு நிமிஷத்தை அவரிடமிருந்து பறித்தது என் வாய்தான். அன்றிலிருந்து நான் கறி சாப்பிடுவதில்லை. ஊரில் கேட்டால் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. உங்கள் உயிர்நண்பனை உங்களிடமிருந்து பிரித்தவள் நான். உங்களிடமாவது கேட்டுவிடுகிறேன். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணே. இன்னொன்றும் சொல்லுங்கள். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவர் நீங்கள். அதில் என்மேல் கோபம் இருந்ததா?

உங்கள்
ஆசியா


அதிராம்பட்டினம்
30-10-2023

அன்புள்ள ஆசியா, ஸலாம். நீயும் பர்வினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்தது. அலையாத்திக் காட்டுக்குள் யாரோ கண்ணி வைத்திருந்தார்கள். நானும் வனத்துறை ஆள் ஒருவரும் சேற்றில் இறங்கி நாற்பத்தேழு கண்ணிகளை எடுத்தோம். பூநாரைகள் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டன. சதுப்பில் நூறு நூற்றிருபது நிற்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டினார்கள். துப்பாக்கியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

நீ கேட்டதற்கு: இப்ராஹிமுக்கு உன்மேல் கோபம் இல்லை. கடைசியில் முகம் அமைதியாக இருந்தது. உன் பெயரைச் சொன்னான்.

நான் பொறுத்துக்கொண்டேன். நிம்மதியாகப் போய் வா. கறியும் சாப்பிடு. வயசான உடம்புக்கு வேண்டும்.

மழை பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது. இப்போது பயணம் சரிப்படாது.

ஹமீது


கூத்தாநல்லூர்
6-11-2023

என் அன்பு அண்ணனுக்கு, ஆயிரம் ஸலாம்.

நீங்கள் பொறுத்துக்கொண்டேன் என்று எழுதிய கடிதத்தைத் தொழுகைப் பாயில் வைத்து அழுதேன். பர்வின் பயந்துபோய் ஃபாஜிலுக்குப் போன் போட்டுவிட்டாள். நல்ல அழுகைதான் என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். நீங்கள் நூறு வருஷம் நல்லபடியாக இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் பக்கத்தில் போவதற்குள் அவர் உயிர் பிரிந்துவிட்டது என்றுதானே அன்றைக்குச் சொன்னீர்கள்? இப்போது என் பெயரைச் சொன்னார் என்கிறீர்கள். அப்படியென்றால் பேசினாரா? வேறென்ன சொன்னார்? என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ புள்ள" என்பார். இல்லாவிட்டால் தொண்டையைக் கனைப்பார். என் பெயர் அவர் வாயில் எப்படி இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒரு வார்த்தை மிச்சம் இருந்தாலும் எழுதி அனுப்புங்கள். அது என்னுடையது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஆசியா


கூத்தாநல்லூர்
29-11-2023

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம் சொல்லி ஆசியா.

பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? மழையில் தபால் தாமதமா? நம் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது. வேண்டிய நேரத்தில் வராத தண்ணீர் இப்போது வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது.

பூர்ணிமா மறுபடி வந்தாள். நீங்கள் சொன்னபடி டீ கொடுத்தேன், ஆனால் அனுப்பவில்லை. உங்கள் நோட்டைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறாள். உங்கள் கையெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். ஒவ்வொரு வேட்டைக்கும் தேதி, இடம், மிருகம், செலவான தோட்டா. அந்தக் கடைசி நாள் பக்கத்தில் ஒரே வரி: "காட்டெருமை, ஆண். தோட்டா இரண்டு." அதற்குப் பிறகு நோட்டு முழுக்க வெறும் தாள்.

"ஐயா ஒரே குண்டுல சாய்ச்சாங்கன்னுதானே எல்லாரும் சொல்றாங்க. இதுல ரெண்டுன்னு இருக்கேம்மா?" என்று கேட்டாள். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மிருகம் அவரைக் குத்த வந்தபோது நீங்கள் இரண்டாவது தடவை சுட்டிருக்கிறீர்கள். அவரைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறீர்கள்.

அண்ணே, இத்தனை வருஷமாக மனசின் ஒரு மூலையில் உங்கள்மேல் ஒரு குறை இருந்தது. கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாரே என்று. வெளியில் சொன்னதில்லை. பெருநாளைக்கு நீங்கள் வராதபோதெல்லாம் அது தலைதூக்கும். இப்போதுதான் தெரிகிறது, முடிந்ததைச் செய்துவிட்டு, செய்தேன் என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்திருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? அந்தக் குறைக்கும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி பத்தாம் தேதி பயணம். ஒருதடவை வாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தங்கை


அதிராம்பட்டினம்
7-12-2023

ஆசியாவுக்கு ஸலாம்.

காய்ச்சல். இப்போது குறைந்திருக்கிறது. இரண்டு கடிதமும் வந்தன. விவரமாக எழுதுகிறேன்.

அந்தத் தோட்டாவுக்கு நன்றி சொல்லாதே. தயவுசெய்து சொல்லாதே.

ஹமீது


அதிராம்பட்டினம்
16-12-2023

ஆசியா, உனக்கு அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். இந்தக் கடிதத்தைப் பர்வின் பக்கத்தில் இருக்கும்போது படி. தண்ணீர் வைத்துக்கொண்டு படி.

நோட்டில் நான் பொய் எழுதியதில்லை. வாயால் சொன்னேன். அன்றைக்கும் "தோட்டா இரண்டு" என்று எழுதினேன். காட்டெருமைக்கு ஒன்று. இன்னொன்று இப்ராஹிமுக்கு.

இப்ராஹிம் அவசரப்படவில்லை. எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. மிருகம் விழுந்தாலும் நான் கை தூக்கும்வரை அவன் போகக் கூடாது. அவன் நின்றான். "போகலாமா மச்சான்?" என்று இரண்டு தடவை கேட்டான். விழுந்த பெரிய மிருகத்தை அத்தனை சீக்கிரம் நம்பக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவன் நான். புலி ஹமீது சுட்டால் ஒரே குண்டு என்ற திமிர். கை தூக்கினேன். "போ" என்றேன்.

அவன் பிஸ்மி சொல்லிக் குனியும்போது அது முன்னங்காலை ஊன்றி எழுந்தது. அவன் கத்தியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்து நேராக ஓடிவந்தான். ஆள் குறுக்கே இருக்கும்போது சுடக் கூடாது. துப்பாக்கி தொட்ட முதல் நாளே கற்றுக்கொள்கிற விஷயம் அது. நான் சுட்டேன். காட்டெருமை இரண்டடி வைத்துத் தானாகவே விழுந்து செத்தது. அதன்மேல் இரண்டாவது குண்டு படவே இல்லை.

அரைமணி நேரம் உயிர் இருந்தது. என் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தேன். நீ கேட்ட வார்த்தைகள் இவை. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"மச்சான், காட்டெருமை குத்திருச்சுன்னு சொல்லிருங்க. நான்தான் போறேன். ஆசியாவுக்கு அண்ணனாவது இருக்கட்டும்."

அவ்வளவுதான். பிறகு கலிமா சொன்னான்.

மய்யித்தை நானே குளிப்பாட்டினேன், வேறு யாரையும் விடவில்லை. எவ்வளவு பாசம் என்று எஸ்டேட்டில் பேசிக்கொண்டார்கள். நீ அத்தனை தூரம் வரும் நிலையில் இல்லை. அன்றைக்கே அங்கேயே அடக்கிவிட்டோம். மானேஜர் கேட்டார், அத்தனை நிதானமான ஆள் எப்படிப் பக்கத்தில் போனான் என்று. "அவசரப்பட்டான் சார், உயிர் போறதுக்குள்ள அறுக்கணும்னு ஓடிட்டான்" என்றேன். இதை இப்ராஹிம் சொல்லச் சொல்லவில்லை. இது என் சரக்கு. அதையே உனக்கும் எழுதினேன்.

நீ அவனிடம் சொல்லியனுப்பியது அப்போது எனக்குத் தெரியாது. நாற்பதாம் நாள் வந்தேன். ஏழு மாத வயிற்றோடு சுவரில் தலையை மோதிக்கொண்டு, "நான்தான் அண்ணே அவுங்களைக் கொன்னேன்" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வந்தேன் என்றுகூட நினைக்கிறேன். நீ அதைச் சொன்னதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, ஆசியா. இனி யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள் என்ற நிம்மதி. அந்த ஒரு நொடிக்காகத்தான் உன் வீட்டில் ஒரு வாய் சோறு என் தொண்டையில் இறங்கியதில்லை.

காட்டெருமையின் கண்ணைப் பார்த்து மனம் மாறினேன் என்று இத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மிருகத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணியை எடுத்ததும், வலையை அறுக்கச் சொன்னதும், கொக்குக்குக் காவல் நின்றதும் எல்லாம் உனக்குச் செய்ய வேண்டியதை வேறு யாருக்கோ செய்துகொண்டிருந்ததுதான்.

தோட்டா தவறிப் போனது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் தவறிப் போனதில்லை. நான் பேசாமல் இருந்தேன், உன்னைச் சுமக்க விட்டேன்.

இப்ராஹிம் உன்னால் சாகவில்லை. இதை மட்டும் நம்பு.

அண்ணன் என்று போட்டுக்கொள்ளத் தகுதியில்லாத,
அப்துல் ஹமீது


அதிராம்பட்டினம்
5-1-2024

ஆசியாவுக்கு ஸலாம். உன் உடல்நலம் அறிய வேண்டும். வேறொன்றும் கேட்கும் நிலையில் இல்லை.

இருபது நாளாகத் தபால்காரரைப் பார்க்கிறேன். அவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிடுகிறார். பர்வினிடமாவது ஒரு வரி எழுதச் சொல்.

திங்கட்கிழமை பஸ் ஏறிக் கூத்தாநல்லூருக்கு வந்தேன். உன் தெருமுனை வரை வந்தேன். வாசலில் பர்வின் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நீ இருந்திருப்பாய். பள்ளிவாசல் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பூர்ணிமாவிடமும் ஃபாஜிலிடமும் நானே சொல்லிவிட நினைக்கிறேன். புத்தகத்தில் உண்மை வரட்டும், இல்லாவிட்டால் என் அத்தியாயமே வேண்டாம். விழாவுக்கும் போகப் போவதில்லை. நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன்.

பயணம் நல்லபடியாக அமையட்டும்.

ஹமீது


கூத்தாநல்லூர்
11-2-2024

ஜனாப் அப்துல் ஹமீது அவர்களுக்கு, ஸலாம்.

உம்ரா முடிந்து போன வாரம் வந்தேன். உடல்நலம் கேட்டிருந்தீர்கள், இருக்கிறது. இங்கே அறுவடை நடக்கிறது. மற்றபடி செய்தி இல்லை.

உங்கள் டிசம்பர் மாதக் கடிதத்தைப் பர்வின் இல்லாதபோதுதான் படித்தேன். பிறகு யாருக்கும் காட்டவில்லை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தேன். நான் இல்லை, நான் இல்லை என்று இந்த வீடு முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இருபத்தோரு வயசில் கேட்டிருந்தால் ஓடியிருப்பேன். எழுபத்து மூன்று வயசில் இந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவுதான் முடிந்தது. பிறகு உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

தோட்டாவை நான் பொறுத்துவிட்டேன். அது அவர் உடம்பில் பட்டது, அவரே பொறுத்துவிட்டுப் போயிருக்கிறார், நடுவில் நான் யார்? நாற்பதாம் நாள் பேசாமல் போனதைக்கூடப் பயம் என்று ஒதுக்கிவைக்கப் பார்க்கிறேன். ஆனால் அக்டோபரில் எனக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள். "நான் பொறுத்துக்கொண்டேன், நிம்மதியாகப் போய் வா" என்று. நான் செய்யாத கொலைக்கு, செய்த நீங்கள், என்னை மன்னித்தீர்கள். எண்பது வயசில், கை நடுங்காமல், பூநாரையை எண்ணிவிட்டு வந்து எழுதினீர்கள். நான் அதைத் தொழுகைப் பாயில் வைத்து அழுதேன். அந்த வரியை என்னால் விழுங்க முடியவில்லை.

எனக்கு அண்ணனாவது இருக்கட்டும் என்றுதான் அவர் போயிருக்கிறார். அவர் அப்படிச் சொல்லி எனக்கு விட்டுப்போன அண்ணன் அறுபது கிலோமீட்டர் தாண்டி எனக்கு வந்து சேரவே இல்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் உங்களுக்குத் தனியாகச் சாப்பாடு எடுத்துவைத்திருந்து, சாயங்காலம் ஹஃப்ஸா வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். சண்டை போட்டிருந்த வருஷங்களில்கூடப் பர்வின் கையில் கொடுத்தனுப்பினேன்.

மக்காவில் ஃபாஜில் என் தட்டில் கறி வைத்தான். நீ ஏன் சாப்பிடமாட்டேங்கிற, டாக்டர் சாப்பிடலாம்னுதானே சொன்னார் என்றான். வாயில் வைத்தேன். இத்தனை வருஷம் ஒதுக்கியது ஒரு நாளில் இறங்காது போலிருக்கிறது.

கஅபாவைச் சுற்றும்போது அவன்தான் நாற்காலியைத் தள்ளினான். நான் பெயர் பெயராகச் சொல்லி துஆ கேட்டேன். அவருக்குக் கேட்டேன். பர்வினுக்கு, ஹஃப்ஸாவுக்கு, கருகிப்போன வயல்காரர்களுக்கு, பூர்ணிமாவுக்குக்கூடக் கேட்டேன். உங்கள் பெயர் வந்தது. நாக்கு எழவில்லை. ஒரு சுற்று முழுக்க முயற்சி செய்தேன். ஃபாஜில் குனிந்து, "மாமாவுக்கு கேட்டியாம்மா?" என்றான். "கேட்டேன்டா" என்றேன். அல்லாஹ்வின் வீட்டைப் பார்த்துக்கொண்டே பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னேன்.

அவனுக்கு அத்தா ஒரு போட்டோதான். நீங்கள் மாசம் தவறாமல் எழுதி அனுப்பிய புலிக் கதைகளைப் படித்து வளர்ந்தவன். மாமா மாதிரி நேர்மையான ஆள் கிடையாது என்று துபாயில் தன் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கும் கேட்கும்படியே சொன்னான். அவனிடம் சொல்ல அனுமதி கேட்டிருந்தீர்கள். தரமாட்டேன். பூர்ணிமாவிடமும் சொல்லக் கூடாது. என்னிடம் இறக்கிவைத்தது போதும், இன்னொருவரிடம் இறக்கிவைத்துவிட்டு நீங்கள் லேசாக நடக்க வேண்டாம். அவன் மாமா அவனுக்கு இருக்கட்டும்.

விழா மார்ச் இரண்டாம் தேதியாம். ஃபாஜில் அதற்காகவே லீவு போட்டு வருகிறான். முன்வரிசையில் உட்காருவான். நீங்கள் போக வேண்டும். சால்வை போடும்போது அவன் எழுந்து நின்று கைதட்டுவான். உங்களுக்குக் கேட்காது. அவன் முகத்தைப் பார்த்துச் சிரியுங்கள்.

வஸ்ஸலாம்.
ஃபாஜிலின் அம்மா